நான்காம் அத்தியாயம்: கண்ட விலாவும் காணாத குணமும்

கோவில்பட்டியிலிருந்து எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும், பருத்தியும் உளுந்தும் கம்பும் வானத்தை நம்பி விளையும் கரிசல் புஞ்சைகளுக்கு நடுவே, ஏதேனும் ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டிலோ, ஆட்டுக்கிடை போட்ட நிலத்தின் ஓரத்திலோ, நீண்ட முகமும் ஒடுங்கிய இடையும் சாட்டை போன்ற வாலும் உடையதாய், அயலார் வரவைத் தொலைவிலேயே கண்டு எழுந்து நிற்கும் ஒரு நாயை வழிப்போக்கர் காணக்கூடும். கன்னி என்றும் சிப்பிப்பாறை என்றும் பெயர் வழங்கும் அந்த நாயைக் கண்ட மாத்திரத்தில் பெரும்பாலோர் உள்ளத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் எழுகின்றன. 'பாவம், பட்டினி கிடக்கிறது' என்பது ஒன்று. 'கிட்டப் போனால் கடித்துவிடும்' என்பது மற்றொன்று. முன்னது இரக்கத்தில் பிறந்த பிழை. பின்னது அச்சத்தில் பிறந்த பிழை. அந்தப் பிராணியின் சரீரத்தையும் சுபாவத்தையும், அவற்றை உருவாக்கிய நிலத்தோடு சேர்த்துப் பார்க்கத் தவறியதே இரண்டுக்கும் காரணம்.

இவற்றை வெறும் ஊர்ப்பேச்சென்று தள்ளிவிட இயலாது. பட்டினி என்று நம்புகிறவர் அளவுக்கு மீறிச் சோறு போடுகிறார். கடிக்கும் என்று நம்புகிறவர் இரவும் பகலும் சங்கிலியில் கட்டுகிறார். நாட்டு நாய்க்கு நோய் அண்டாது என்று நம்புகிறவர் தடுப்பூசியைத் தவிர்க்கிறார். தவறான எண்ணத்தின் தண்டனையை எண்ணியவர் அனுபவிப்பதில்லை, நாய்தான் அனுபவிக்கிறது. ஆகவே குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருமுன் வளர்ப்பவர் தம் எண்ணங்களைப் பரிசோதித்துக்கொள்வது, பாயும் தட்டும் வாங்கி வைப்பதைக் காட்டிலும் அவசியமானது.

பெயரும் பிறப்பும்

கோவில்பட்டிக்கு அதிக தூரமில்லாத, விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரே இந்த நாய்க்கு ஆகிவந்தது. மணமாகிப் புகுந்த வீடு செல்லும் பெண்ணுக்குச் சீதனமாக இந்த நாயைக் கொடுத்தனுப்பும் வழக்கத்திலிருந்து கன்னி என்னும் பெயர் வந்ததென்று இப்பக்கத்துப் பெரியோர் சொல்வர். கறுப்பு உடலும் செம்மை படர்ந்த கால்களும் உடையதைக் கன்னி என்றும், வெளிர் நிறத்ததைப் பால்கன்னி என்றும், செவலை, சாம்பல் முதலிய ஒரே நிறம் கொண்டவற்றைச் சிப்பிப்பாறை என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். எனினும் உடலமைப்பிலும் குணத்திலும் இவை உடன்பிறந்தவை போன்றவையாதலால், இந்நூலில் கூறப்படுவன யாவும் இரண்டுக்கும் பொருந்தும்.

இவற்றைக் கோம்பை நாயோடும் இராஜபாளையம் நாயோடும் சேர்த்துக் குழப்புவோர் பலர். கோம்பை, தேனிப் பக்கத்துக் காவல் நாய். மார்பும் தாடையும் பருத்தது. இராஜபாளையம், உருவில் பெரியதும் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையதுமான நாய். 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கைத் தபால்தலைகளில் வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது இராஜபாளையமே. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் சிப்பிப்பாறையை இராஜபாளையத்தோடும் கர்நாடகத்து முதோல் நாயோடும் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இவை தெருவில் தானே பெருகிய கலப்பென்று இகழ்வோருக்கு அந்தப் பதிவு ஒன்றே போதிய விடையாகும்.

'பட்டினி போட்டு வளர்க்கிறார்கள்'

என் இளமையில் நான் வளர்த்த பால்கன்னி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், எதிர்ப்படுவோர் எல்லாரும், "என்ன அண்ணாச்சி, நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் கூச்சம் தாளாமல், விலா எலும்புகள் மறையும் வரை அதற்கு வேளைக்கு வேளை சோற்றைக் கொட்டினேன். சில மாதங்களில் அது ஓடுவதை நிறுத்தியது. பிறகு முன்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கியது. கால்நடை வைத்தியர் அதன் இடுப்பிலும் விலாவிலும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஊர் வாய்க்காகத் தீனி போட்டு நாயின் காலை வாங்கிவிட்டீர்களே" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

இது மோப்பத்தைக் காட்டிலும் பார்வையை நம்பி, கண்ட இரையைக் கால்வேகத்தால் எட்டிப் பிடிக்கும் வேட்டைநாய் வர்க்கத்தைச் சேர்ந்தது. பாரசீகத்து சலூக்கியும் ஆங்கில நாட்டு கிரேஹவுண்டும் அதே வர்க்கம். மரம் அடர்ந்த காட்டில் மூக்கு உதவும். கண்ணுக்கெட்டிய தூரம் மறைவில்லாத கரிசல் வெளியில் கண்ணும் காலுமே உதவும். அத்தகைய வெளியில் ஓடுவதற்கென்று அமைந்த சரீரத்தில் ஆழ்ந்த மார்புக்கூடும், அதனுள் பெரிய இருதயமும், மேலேறிய அடிவயிறும், நீண்ட தொடைத் தசைகளும் இருக்கும். தோலின் கீழே கொழுப்பு மட்டும் மிகக் குறைவாக இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது முதுகெலும்பு வில்லைப் போல வளைந்து நிமிர, ஒரே பாய்ச்சலில் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. அந்த வில்லின்மேல் கொழுப்பை ஏற்றினால், பாரம் முழுவதும் மெல்லிய கால் எலும்புகளின்மேல் இறங்கும்.

அவ்வாறாயின் உண்மையான பட்டினியை அறிவது எப்படி? பின்வரும் பரீட்சையை மாதம் ஒருமுறை செய்க.

பக்கவாட்டில் நின்று பார்க்கையில் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் இலேசாகத் தெரிவதும், இடுப்பெலும்பின் இரு முனைகள் புலப்படுவதும் இயல்பே. உள்ளங்கையை முதுகின்மேல் தலையிலிருந்து வால் நோக்கித் தடவுக. தண்டின் இருபுறமும் தசை நிறைந்திருந்தால் நலம். தண்டெலும்பு ரம்பப் பல்லைப்போலத் தனித்து நின்று இருபுறமும் குழி விழுந்திருந்தால் அதுவே மெலிவு. தொடையை அமுக்கிப் பார்க்கும்போது கெட்டியாக இருத்தல் வேண்டும். ரோமம் மினுமினுப்பாகவும், கண் தெளிவாகவும், ஈறு இளஞ்சிவப்பாகவும் இருக்குமாயின், விலா தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. இவற்றுக்கு மாறாகத் தசை கரைந்து ரோமம் மங்கியிருக்குமாயின், 'இந்த ஜாதி இப்படித்தான்' என்று சமாதானம் சொல்லாமல், குடற்புழுவுக்கும் காய்ச்சலுக்கும் வைத்தியரிடம் காட்டுக. இனத்தின் மெலிவைச் சாக்காக வைத்து உண்மையாகவே பட்டினி போடுவோரும் உண்டென்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சரீர அமைப்பின் இன்னொரு விசேஷத்தையும் வளர்ப்பவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கிரேஹவுண்டு முதலிய ஓட்ட நாய்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிற நாய்களுக்கு உள்ளதைவிட அதிகமாகவும், தைராய்டு சுரப்பின் அளவு குறைவாகவும் இருப்பது இயல்பு. இதை அறியாதவர் கண்ணுக்கு ஆரோக்கியமான நாயும் நோயாளியாகத் தோன்றும். தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகளிலிருந்து அந்நாய்கள் தெளிவதற்கு நெடுநேரம் பிடிக்கும். ஆதலால், அறுவைச் சிகிச்சை எதற்காகவேனும் கொண்டுசெல்லும்போது, 'இது ஓட்ட நாய் வர்க்கம்' என்பதை வைத்தியரிடம் முதலிலேயே எடுத்துச் சொல்லுக. தோலும் மெல்லியது, வேலிக்கருவை முள் கீறினால் பிற நாய்க்குக் கோடு விழும் இடத்தில் இதற்குத் தோல் கிழிந்து திறந்துவிடும். வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்பும் புண்ணும் உண்டாகும் என்பதால், மடித்த சாக்கும் மார்கழிப் பனிக்கு ஒரு பழம் போர்வையும் இதற்கு ஆடம்பரமாகா.

'அயலாரைக் கண்டால் கடிக்கும்'

கன்னி நாய் அந்நியரிடம் வாலாட்டிக்கொண்டு ஓடிவருவதில்லை. அது விலகி நிற்கும்; முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; பெரும்பாலும் குரைப்பதுகூட இல்லை. மௌனமாக விலகி நிற்பதைக் குரோதம் என்று நாம் பொருள் கொள்கிறோம். உண்மையில் அது எச்சரிக்கையும் கூச்சமும் கலந்த நிலை; நெடுந்தூரத்தில் அசைவதைக் கண்டறியும் பொருட்டு வளர்க்கப்பட்ட பிராணி, அருகில் வந்துவிட்ட புதியவரை நிதானித்துப் பார்ப்பதற்கு அவகாசம் கேட்கிறது. அந்த அவகாசத்தைக் கொடுக்காமல், குனிந்து தலைக்கு மேலே கை நீட்டுவோருக்கே ஆபத்து நேர்கிறது. அந்த ஆபத்து எந்த நாயிடத்தும் உண்டு.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு, மனிதருக்கு ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைப் பட்டியலிட்டு, அவற்றை விற்பதற்கும் வளர்ப்பதற்கும் அனுமதி வழங்கலாகாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. அந்தப் பட்டியலில் கன்னியும் சிப்பிப்பாறையும் இராஜபாளையமும் கோம்பையும் இல்லை. ஆயினும் இதைச் சொல்லி நாம் இறுமாந்துவிடலாகாது. எந்த இனமும் பெயரால் மட்டும் சாது ஆவதில்லை. குட்டிப் பருவத்தில் கற்றதே பெரும்பாலும் முதிர்ந்தபின் குணமாக நிற்கிறது.

குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையிலான காலமே அதன் மனம் உலகத்துக்குத் திறந்திருக்கும் காலம். எட்டு வாரம் நிறைவதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின், ஒவ்வொரு நாளும் ஒரு புதிய மனிதரை, ஒரு புதிய சத்தத்தை அறிமுகம் செய்யுங்கள்: தலையில் முண்டாசு கட்டியவர், குடை பிடித்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டிராக்டரின் இரைச்சல், தீபாவளிக்கு முன்பே தொலைவில் வெடிக்கும் ஓலைவெடி. தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் தோளில் தூக்கிச் சென்றே இவற்றைக் காட்டலாம். கட்டாயப்படுத்தி யார் கையிலும் திணிக்காமல், குட்டி தானாக அணுகும் வரை காத்திருப்பதே இதன் இரகசியம்.

வீட்டுக்கு வருவோரிடம் நான் சொல்வது இதுதான்: நாயை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பி நின்று பேசிக்கொண்டிருங்கள், அதுவாக வந்து உங்கள் கையை முகர்ந்த பின்னர், தலையை விட்டுவிட்டு மார்பைத் தடவுங்கள். வாலைக் கால்களுக்கிடையில் இடுக்குவதும், உதட்டை நக்குவதும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பதும், உடல் விறைத்து நிற்பதும், 'என்னை விடுங்கள்' என்று அது சொல்லும் வார்த்தைகள். உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், எச்சரிக்கை செய்யாமல் கடிக்கும் நாயையே நாம் உண்டாக்குவோம். உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் சிறுவர்களை அருகே விடலாகாது; சிறு குழந்தையையும் எந்த நாயையும் பெரியவர் துணையின்றித் தனியே விடுவது எக்காலத்தும் கூடாது.

'சங்கிலியில் கட்டினால்தான் வீரம் வரும்'

நம் பக்கத்தில் வேரூன்றிய எண்ணங்களில் மிகக் கொடியது இதுதான். ஓடுவதற்கென்றே அமைந்த சரீரத்தை மூன்றடிச் சங்கிலியில் பகலெல்லாம் கட்டிவைத்தால், அங்கே வளர்வது வீரமாகாது. அச்சமும் ஏக்கமும், அவற்றின் முற்றிய நிலையான சீற்றமுமே வளரும். கட்டப்பட்ட நாய், தனக்கு ஆபத்து நேரும்போது ஓடித் தப்ப முடியாதென்று அறிந்திருப்பதால்தான் பாய்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும், நியாயமற்ற நேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைத்தலை மட்டுமல்லாது, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குத் தேகாப்பியாசம் அளிக்கத் தவறுவதையும் தனிக் குற்றமாகவே கூறியிருக்கிறது.

இதற்கு நாள் முழுதும் ஓட்டம் வேண்டும் என்பதும் ஒரு தப்பெண்ணமே. இந்த வர்க்கத்து நாய்கள் குறுகிய நேரம் மின்னலைப்போல ஓடிவிட்டு, மிகுதிப் பொழுதெல்லாம் அமைதியாக உறங்குபவை. வெயில் ஏறுமுன் காலையிலும், மண்ணின் சூடு தணிந்த பின் மாலையிலும் அரைமணி நேர நடையும், வாரத்தில் சில நாள் வேலி சூழ்ந்த இடத்தில் விருப்பம்போல் ஓடும் சுதந்திரமும் கிடைத்தால், நகரத்து வீட்டிலும் இது நலமாக வாழும். மோட்டார் சைக்கிளில் கட்டி இழுத்து ஓட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எலும்பு முதிராத குட்டியை அவ்வாறு ஓட்டுவது அதன் மூட்டுகளை வாழ்நாள் முழுதும் கெடுப்பதாகும்.

வெளியில் செல்லும்போது கயிறு இன்றியமையாதது. ஓடும் எதையும் துரத்துவது இதன் இரத்தத்தில் ஊறியது. துரத்தத் தொடங்கிவிட்டால் எஜமானின் குரல் காதில் ஏறாது. கோவில்பட்டியை ஒட்டிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரி வருவதும் கண்ணில் படாது. இதன் தலை கழுத்தைவிடக் குறுகியதாதலால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். அகன்ற தோல் பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பொருத்துக. கோழியும் ஆடும் உள்ள வீடாயின், குட்டிப் பருவத்திலிருந்தே அவற்றோடு பழக்குக.

'நாட்டு நாய்க்கு ஊசி எதற்கு? கஞ்சி போதாதா?'

வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் வலிமை இதற்கு உண்டு என்பது மெய். அந்த மெய்யை நீட்டி நோயே அண்டாதென்று முடிவு கட்டுவது பொய். பார்வோ என்னும் குடல் நோய்க் கிருமிக்கு நாட்டு நாய் என்றும் சீமை நாய் என்றும் பேதம் இல்லை. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசியும், பதினாறு வாரம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை அதன் தொடர்ச்சியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், அதன்பின் வைத்தியர் சொல்லும் முறைப்படி மறு ஊசிகளும் தவறாமல் போடப்படல் வேண்டும். ஆட்டுக்கிடையோடு திரியும் நாய்களுக்கு உண்ணிகள் ஏறுவது சகஜம், அவை பரப்பும் காய்ச்சலில் நாய் தீனி மறுக்கும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் இரத்தம் வடியும். ஒருநாளும் தாமதிக்கலாகாது. யாரையேனும் நாய் கடித்துவிட்டால், அது தடுப்பூசி போட்ட நாயே ஆயினும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் காயத்தில் அப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

கம்பங்கூழும் சோளச்சோறும் மோரும் இந்த நாயை நெடுங்காலம் காத்தன என்பது உண்மை. அக்காலத்தில் அது தானே பிடித்துத் தின்ற இறைச்சியும் கணக்கில் சேர வேண்டும். இன்று வீட்டில் அடங்கி வளரும் நாய்க்கு வெறுங்கஞ்சி போதாது. தானியச் சோற்றோடு முட்டை, கோழி, ஈரல் இவற்றில் ஏதேனும் ஒன்று தினமும் சேர்க. வெங்காயமும் வெந்த எலும்பும் கூடாது. ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, உண்டபின் ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் இருப்பது நன்று. ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிறு தம்பட்டம்போல உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

'வேட்டைக்குத்தான் ஆகும்'

முயல் வேட்டையின் பெருமையைப் பேசுவோர் கரிசலில் இன்றும் உண்டு. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முயலையோ மானையோ நாயை ஏவிப் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஒருகாலத்தில் இத்தகைய நாய்களின் கால்வேகத்துக்கு இலக்காயிருந்த வெளிமான்களுக்கு, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1987-ஆம் ஆண்டு சரணாலயம் அமைந்தது. மானும் வாழ வேண்டும். நாயும் வாழ வேண்டும். வேட்டை ஒழிந்தமையால் நாய்க்கு வேலை ஒழிந்துவிடவில்லை. தோட்டக் காவலும் கிடைக் காவலும் வீட்டுத் துணையும் அதற்குரிய கௌரவமான பணிகள். வேட்டைக்காரன் கையில் ஒருவேளை மட்டும் மதிப்புப் பெற்ற நாய், இங்கே நாள்தோறும் மதிப்புப் பெறும்.

அயலாருக்கு என்ன சொல்வது?

வளர்ப்பவர் தாம் தெளிந்தால் மட்டும் போதாது. தெருவையும் தெளிவிக்க வேண்டியிருக்கிறது. பட்டினியா என்று கேட்பவரிடம் கோபிக்காதீர்கள். அவர் கேட்பது இரக்கத்தினால். அவர் கையைப் பிடித்து, நாயின் முதுகுத் தண்டின் இருபுறமும் உள்ள தசையைத் தொட்டுக் காட்டுங்கள். அஞ்சி ஒதுங்குபவரிடம் 'ஒன்றும் செய்யாது' என்று கயிற்றைத் தளர்த்தாதீர்கள். நீங்களே ஒதுங்கி வழிவிடுங்கள். அவருடைய அச்சம் குறைவதற்கு அதுவே முதற்படி.

இவற்றாலும் தெளியாதவரை, அறுவடை முடிந்த ஒரு விடியற்காலையில், சாலைக்குத் தொலைவான, வேலி உள்ள புஞ்சைக்கு அழைத்து வாருங்கள். வெடித்த கரிசல் மண்ணின்மேல் இளவெயில் பரவும் வேளையில், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, வரப்பில் அவரோடு உட்காருங்கள். நாய் புஞ்சையின் மறுகோடிக்கு ஒரே வீச்சில் போய்த் திரும்பி, வளைந்து, மீண்டும் பாய்ந்து, கடைசியில் மூச்சிரைக்க உங்கள் காலடியில் வந்து படுக்கும். அப்போது அதன் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்து சுருங்குவதை அவர் கண்ணாரக் காண்பார். அவை எதற்காகத் தெரிகின்றன என்பதை நீங்கள் சொல்லவேண்டிய அவசியம் இராது.